சி-டைப்ஸ்: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

சியில எழுதுன லைப்ரரிய பைத்தான்ல இருந்து கூப்பிடணும், அதுக்கு பைத்தானோட சி-டைப்ஸ் (ctypes) மாட்யூல் சரிப்படுமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டாச்சு, ஆளாளுக்கு தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன். என் ஸ்டார் அஞ்சுக்கு மூணரை.

நல்லது மொதல்ல. தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம், 2006ல வந்த பைத்தான் 2.5ல இருந்தே கூடவே வருது. கம்பைலரும் தேவையில்ல, எஸ்ஓ ஃபைல் (.so, லினக்ஸ்ல கம்பைல் பண்ணி வச்ச லைப்ரரி) பேர ஒரு வரில குடுத்தா அடுத்த வரில ஃபங்ஷன கூப்பிட்டுடலாம். எந்த ஆர்க்யுமென்ட் எந்த ரெஜிஸ்டர்ல போகணும்ங்கற தலைவலிய எல்லாம் உள்ள இருக்கற லிப்எஃப்எஃப்ஐ (libffi)ங்கற லைப்ரரி பாத்துக்கும்.

இப்ப என்னை ரெண்டு நாள் தூங்க விடாத கதை. எங்க பட்டறைல எடை மெஷின் ஒண்ணு இருக்கு, அதோட லைப்ரரிய பழைய 32 பிட் ராஸ்பெர்ரி பைல எட்டு மாசம் ஓட்டினேன், ஒரு பிரச்சனையும் இல்ல. புதுசா 64 பிட் கம்ப்யூட்டர் வாங்கி அதுக்கான எஸ்ஓ ஃபைலயும் போட்டு அதே கோட ஓட்டுனா, எர்ரர் மெசேஜ் கிடையாது, எந்த வரில தப்புன்னு காட்டற டிரேஸ்பேக் கிடையாது, செக்மென்டேஷன் ஃபால்ட்னு (தொடக்கூடாத மெமரிய தொட்டா வர்றது) ஒரே வரி, அவ்ளோதான் ஆளு காலி. நான் கேபிள மாத்துனேன், போர்ட்ட மாத்துனேன், மெஷினயே திட்டுனேன். தப்பு என்னோடது.

எஸ்ஓ ஃபைல்ல ஃபங்ஷன் பேரு இருக்கும், அது என்ன வாங்குது என்ன திருப்பிக் குடுக்குதுன்னு இருக்காது. அதெல்லாம் ஹெடர் ஃபைல்ல இருக்கு, சி-டைப்ஸ் அதைப் படிக்கவே படிக்காது. நீங்க ரெஸ்டைப்னு (restype, திரும்பி வர்றதோட டைப்) எதுவும் சொல்லலன்னா திரும்பி வர்றது இன்ட்னு அதுவா எடுத்துக்கும். இன்ட், அதாவது முழு எண், 4 பைட். மெஷின ஓப்பன் பண்ற ஃபங்ஷன் குடுத்தது பாயின்டர், அதாவது மெமரி அட்ரஸ், ராஸ்பெர்ரி பைல அதுவும் 4 பைட்ங்கறதால தப்பிச்சிருக்கேன், 64 பிட்ல 8 பைட், பாதி வெட்டுப்பட்டு வேற எங்கயோ கைய வைக்கப் போயி செத்துச்சு. சரி ரெஸ்டைப்ப வாய்ட் பாயின்டர்னு போட்டேன், மறுபடியும் செத்துச்சு! ஏன்னா திரும்பி வர்றது வெறும் பைத்தான் நம்பர், அடுத்த ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (argtypes, உள்ள போறதோட டைப்) போடாம அதைக் குடுத்தா போற வழில திரும்பவும் இன்ட் ஆயிடுது. ரெண்டு பக்கமும் போட்டப்புறம்தான் எடை தெரிஞ்சுது. பைத்தானோட ஃபால்ட்ஹேண்ட்லர (faulthandler) ஆன் பண்ணி ஓட்டியிருந்தா எந்த வரில சாவுதுன்னாவது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

தமிழ்ல ஸ்ட்ரிங் அனுப்பறவங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும். லினக்ஸ்ல, ஸ்ட்ரிங் எத்தனை பைட்னு எண்ற எஸ்டிஆர்லென் (strlen) ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் இல்லாம "வணக்கம்"னு அப்படியே குடுத்துப் பாருங்க, 2ன்னு வரும். சாதா ஸ்ட்ரிங்க அது வைட் கேரக்டரா அனுப்புது, ஒரு எழுத்துக்கு 4 பைட், 'வ'க்கு ரெண்டு பைட் தாண்டுனதும் சைபர் வந்துடுது, சிக்கு சைபர் வந்தா கதை முடிஞ்சுது. யூடிஎஃப்-8ல என்கோட் பண்ணி பைட்ஸா குடுத்தா ஒழுங்கா 21 வருது.

கால்பேக்கும் இப்படித்தான். பைத்தான் ஃபங்ஷன சிகிட்ட குடுத்துட்டு நம்ம பக்கம் ஒரு வேரியபிள்ல பிடிச்சு வைக்கலன்னா யாரும் பிடிச்சு வைக்காத மெமரிய காலி பண்ற கார்பேஜ் கலெக்டர் தூக்கிட்டுப் போயிடும், சி கூப்பிடும்போது அங்க யாரும் இருக்க மாட்டாங்க. டாக்குமென்ட்ல எழுதியிருக்காங்க, யாரு படிக்கறா.

ஸ்பீட பத்தி சொன்னா, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் கொஞ்சம் செலவு இருக்கு, லட்சக்கணக்குல லூப்ல கூப்பிடாதீங்க, மொத்தமா ஒரு அரேய குடுத்துடுங்க.

பத்து ஃபங்ஷன் வரைக்கும்னா சி-டைப்ஸ் தாராளமா போதும். அதுக்கு மேலன்னா நான் சிஎஃப்எஃப்ஐ (cffi)ங்கற இன்னொரு லைப்ரரி பக்கம் போயிட்டேன், அதுல ஹெடர்ல இருக்கற டிக்ளரேஷன அப்படியே காப்பி பண்ணி ஒட்டலாம், அதோட ஏபிஐ (API) மோடுல போனா சி கம்பைலரே சரி பாத்துடும், பாயின்டர இன்ட்னு எழுதி வச்சா அங்கயே கத்தும். எடை மெஷின் கோட் மட்டும் இன்னும் சி-டைப்ஸ்லதான் ஓடுது, அதுல கை வைக்க எனக்கு தைரியம் இல்ல.