இலங்கை அரச வைத்திய சேவை: கிளினிக் கொப்பி கையில் இருக்கும்வரை

அரச வைத்தியசாலைக்கு வருடக்கணக்காகப் போய்வருகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அங்கே காசு கேட்க மாட்டார்கள், வைத்தியர் நோயையும் மருந்தையும் எழுதும் கிளினிக் கொப்பியைத்தான் கேட்பார்கள். காப்புறுதி அட்டை வேண்டாம், வருமானச் சான்றிதழ் வேண்டாம். பருத்தித்துறைக்காரர் கண்டியில் போய் நின்றாலும் துண்டு எழுதி மருந்து தருவார்கள். 1951இல் வைத்தியசாலைக் கட்டணங்களை நீக்கிய நாடு இது. அந்தக் கதவு இன்றும் திறந்துதான் இருக்கிறது, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

எந்தக் கதவாலும் போகலாம் என்பதில் ஒரு சிக்கலும் உண்டு. உங்களை முழுதாகத் தெரிந்த ஒரு வைத்தியர் எங்கேயும் இருக்க மாட்டார். இங்கிலாந்தைப் போல ஒரு குடும்ப வைத்தியரிடம் எல்லோரும் பதிந்திருக்க வேண்டும் என்ற முறை இங்கே இல்லை. சில வைத்தியசாலைகளில் கணினிப் பதிவு வந்துவிட்டாலும், ஓரிடத்துப் பதிவு மற்ற இடத்தில் தெரியும் என்று நம்பிப் போக முடியாது. ஆகவே இதய கிளினிக், கண் கிளினிக், நீரிழிவு கிளினிக் மூன்றையும் இணைப்பது உங்கள் கையில் உள்ள கொப்பிதான்.

முதலில் எங்கே போவது என்பதைச் சரியாக எடுக்க வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் ஆரம்ப மருத்துவ பராமரிப்பு அலகோ பிரதேச வைத்தியசாலையோ இருக்கும். அதற்கு மேல் ஆதார வைத்தியசாலை. அங்கே பொது வைத்தியம், சத்திரசிகிச்சை, பிள்ளைகள், மகப்பேறு என்ற நான்குக்கும் நிபுணர்கள் இருப்பார்கள். அதற்கும் மேல் மாவட்டப் பொது வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலையும். வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவில் மாவட்ட வைத்தியசாலைகள், யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை. போதனா வைத்தியசாலை நேரே மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருவது. பிரதேச, ஆதார வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கையில். முறைப்பாடு கொடுக்கும்போது இது முக்கியம். மாகாண வைத்தியசாலை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை, போதனா என்றால் அந்த வைத்தியசாலையின் பணிப்பாளர்.

பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள் மாதாமாதம் விடிய எழும்பி பெரியாஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லை. மெட்ஃபோமின், லொசாட்டன், அட்டோவாஸ்டட்டின் எல்லாம் சின்ன வைத்தியசாலையிலும் பொதுவாகக் கிடைப்பவை. நிபுணரிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்கு மாறினால் அரை நாள் மிச்சம். வருடத்துக்கு ஒரு தடவை நிபுணரிடம் காட்டினால் போதுமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனிக் கொப்பி. முதல் பக்கத்தில் பெயர், கிளினிக் இலக்கம், கிளினிக் நாள். அதற்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒவ்வாமை: பென்சிலின், அஸ்பிரின், எதுவானாலும். கடைசிப் பக்கத்தில் இப்போது பாவிக்கும் மருந்துகள் எல்லாம், வேறு கிளினிக்கில் தருவதும் சேர்த்து. வைத்தியர் சில நிமிடத்தில் கடைசி இரண்டு பக்கத்தைத்தான் புரட்டுவார். ஆறு மாதத்துக்கு முந்திய ஈசிஜி நடுவில் மடிந்து கிடந்தால் அவர் கண்ணில் படாது. அறிக்கைகளைத் திகதி வரிசையில் ஒட்டுங்கள். கொப்பி முடிந்தால் பழையதை எறிய வேண்டாம், புதியதோடு சேர்த்துக் கட்டிப் பொலித்தீன் பையில் வையுங்கள்.

எழுத்தையும் படிக்கப் பழக வேண்டும். 1/12 என்றால் ஒரு மாதம், 2/52 என்றால் இரண்டு கிழமை. பி.டி. காலையும் இரவும், டி.டி.எஸ். மூன்று வேளை, நொக்டே இரவுக்கு மட்டும். இதில் ஒரு கணக்குப் பிழை பலரை அடிக்கடி மாட்டுகிறது. கிளினிக் 'மாதத்தின் இரண்டாம் செவ்வாய்' என்று இருந்தால் இரண்டு கிளினிக்குக்கு இடையில் சில மாதம் 28 நாள், சில மாதம் 35 நாள். ஒரு மாதத்துக்கு என்று 30 குளிசை எண்ணித் தந்தால் ஐந்து நாளுக்கு மருந்து இல்லை. அந்தச் செவ்வாய் போயா தினமாக (பௌர்ணமி விடுமுறை) அமைந்தால் கிளினிக்கும் நடக்காது. அடுத்த திகதியைக் கலண்டரில் பார்த்து நாளை எண்ணி, குறைகிறது என்றால் வைத்தியர் முன்னால் இருக்கும்போதே சொல்லுங்கள். மருந்து கட்டும் யன்னலில் போய்ச் சொன்னால் அவர்களால் கூட்டித் தர முடியாது.

குளிசையின் அளவும் மாறும். போன மாதம் 20 மில்லிகிராம் ஒன்று தந்த இடத்தில் இந்த மாதம் 10 மில்லிகிராம்தான் இருப்பில் இருக்கும், 'இரண்டு போடுங்கோ' என்று உறையில் எழுதித் தருவார்கள். வயதானவர்கள் பழைய பழக்கத்தில் ஒன்றே போடுவார்கள். தலைகீழாகவும் நடக்கும், அது இன்னும் ஆபத்து. வெள்ளை, சின்ன, வட்டக் குளிசைகள் நாலைந்து வகை இருக்கும் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டவே கூடாது, உறையோடேயே வையுங்கள். 2022 நெருக்கடியில் எத்தனையோ மருந்து இல்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். இப்போதும் ஒன்றிரண்டு 'வெளியில் வாங்குங்கோ' என்று துண்டில் வரும். கம்பனிப் பெயரைச் சொல்லிக் கேட்காமல் மருந்தின் பொதுப் பெயரைக் காட்டி முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விசாரியுங்கள்.

இரத்தப் பரிசோதனை நாளில் பெரிய பிழை ஒன்று நடக்கிறது. 'வெறுவயிற்றோடு வாங்கோ' என்றதும் பிரஷர் குளிசையையும் போடாமல் வந்துவிடுவார்கள். நாலு மணித்தியாலம் வாங்கில் இருந்து களைத்து, பிரஷர் ஏறி, அதைப் பார்த்து வைத்தியர் மருந்தைக் கூட்டுவார். பிரஷர் குளிசையைப் பொதுவாகக் கொஞ்சத் தண்ணீரோடு வழமைபோலப் போடலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும் இரத்தம் எடுத்த பிறகு, சாப்பாட்டோடு. உங்களுக்கு எது என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

தனியார் ஆய்வுகூடத்தில் செய்தால் அலகையும் பாருங்கள். கிரியட்டினின் ஓரிடத்தில் 1.2 என்றும் இன்னோரிடத்தில் 106 என்றும் வரும். முன்னது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், பின்னது லீற்றருக்கு மைக்ரோமோல், இரண்டும் ஒரே அளவுதான். சிறுநீரகம் போய்விட்டது என்று அழுதுகொண்டு சனல் பண்ண, அதாவது காசு கட்டி நிபுணரைத் தனியாரில் பார்க்க, ஓட வேண்டியதில்லை. ஓடினாலும் பின்னேரம் காசு கொடுத்துப் பார்ப்பது பல நேரம் காலையில் கிளினிக்கில் பார்த்த அதே நிபுணரைத்தான். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க 1977 முதல் அனுமதி உண்டு. சனல் பண்ணிய துண்டையும் அதே கொப்பியில் ஒட்டாவிட்டால் ஒரே மருந்து இரண்டு பெயரில் வயிற்றுக்குள் போகும்.

இந்தச் சேவையின் உயிர் வைத்தியசாலைக் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறைதான் இன்றைக்கு நாடு முழுதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளாக விரிந்திருக்கிறது. அதன் கீழே குடும்பநல உத்தியோகத்தர், ஊர்ப் பேச்சில் மிட்வைஃப் மிஸ். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தப் பிள்ளைக்கு ஊசி தவறியது என்று அவருடைய பதிவேட்டில் இருக்கும். கர்ப்பம் தெரிந்ததும், எட்டுக் கிழமைக்கு முன்னரே, அவரிடம் பதியுங்கள். நேரே நிபுணரிடம் சனல் பண்ணிவிட்டு இதை விடுகிறவர்கள் இரத்தப் பரிசோதனைகள், ஃபோலிக் அமிலம், திரிபோசா சத்துமா, பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வந்து தாயையும் தொப்புளையும் பார்க்கும் வருகைகள் என்று எல்லாவற்றையும் இழக்கிறார்கள். பிள்ளைக்கு 2, 4, 6 மாதத்தில் ஐங்கூட்டுத் தடுப்பூசி, 9 மாதத்தில் எம்எம்ஆர், 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. திகதி தவறினால் வெட்கப்பட்டு நிற்க வேண்டாம், போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 35 வயதுப் பெண்களுக்கு சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் பரிசோதனை இலவசம். அங்கே நெரிசலும் குறைவு, ஆனாலும் போகிறவர்கள் போதாது என்பது மனதை வருத்துகிறது.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த இலவச அம்புலன்ஸ். கோயில், பாடசாலை என்று ஒரு அடையாளம் சொல்லி, தொலைபேசியை வைக்காமல் கதையுங்கள். நெஞ்சு நோ என்றால் ஓட்டோ பிடித்து 40 கிலோமீற்றர் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போக முயல வேண்டாம். பக்கத்து வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்து, அஸ்பிரின் தந்து, அவர்களே கதைத்து மாற்றுவார்கள்.

வாட்டில் இருந்து துண்டு வெட்டும் நாளில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். வாட்டில் உங்கள் சிகிச்சையை எழுதிவந்த கட்டில் துண்டு வைத்தியசாலையிலேயே நின்றுவிடும், உங்களுக்கு வருவது நோய்நிர்ணய அட்டை மட்டும். நோயின் பெயர், செய்த சத்திரசிகிச்சை, எந்த மருந்து எத்தனை நாள், கிளினிக் திகதி ஆகிய நான்கும் அதில் இருக்கிறதா என்று கட்டிலை விட்டு எழும்ப முன் பாருங்கள். சதைத் துண்டு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அறிக்கை சில கிழமை கழித்துத்தான் வரும். அது வந்துவிட்டது என்று வீட்டுக்கு அறிவிப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். புற்றுநோய் என்று எழுதிய அறிக்கை யாரும் எடுக்காமல் கோவையில் கிடக்க, ஆள் வீட்டில் சுகம் என்று நினைத்துக்கொண்டு இருப்பது நடக்கக்கூடிய காரியம். பரிசோதனை இலக்கம், எந்த நாளில் எந்த அறையில் கேட்பது இரண்டையும் தாதியிடம் சொல்லிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.