வடபழனி ஆர்.டி. பயிற்சி வகுப்பு: பாடம் சரி, நோட்ஸ்தான் மோசம்

எம்.எஸ்சி., மருத்துவமனையில் 6 மாத இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்து, இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன், அதாவது பதிவு பெற்ற உணவியல் நிபுணர்) தேர்வுக்காக வடபழனியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

சிறுநீரக நோயாளிகளின் உணவு பற்றிய வகுப்பு ஒன்றுக்கே கட்டிய காசு தகும். மேடம் மின்னடுப்போடு வந்தார். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார். "இவங்க குறைக்கவேண்டிய பொட்டாசியம் நிறைய இதோட போயிடும்மா. சாம்பார்லயே வேகவிட்டா எங்கேயும் போகாது, குழம்புலதான் இருக்கும்" என்றார்.

நுண்ணுயிரியலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டிவிட்டார்கள். நோட்ஸில் கொழுப்புக்குக் கிராமுக்கு 4 கலோரியாம்! 9 என்று நானே பேனாவால் திருத்திக்கொண்டேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே சுக்குக் காபி மட்டும் பிரமாதம்.