பிளக்கைப் பார்த்து பைக் வாங்கினேன், 14,700 ரூபாய் போச்சு

14,700 ரூபாய். நேற்று சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். இராத்திரி தூக்கமே இல்லை. ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்குள் இதை எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள். அதிலும் என்னைப் போல "எனக்கு வண்டி பார்க்கத் தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆட்கள் கண்டிப்பாகப் படியுங்கள். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்ற வைக்கப் பொறி கொடுக்கிற ஸ்பார்க் பிளக்கைப் பார்த்து இன்ஜினை எடை போடுவது எப்படி என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

கடை ஈரோட்டில்தான். பழைய டூவீலர் வாங்கி விற்கிற கடை. பெயர் போட மாட்டேன். பழைய வண்டி விற்கும் ஒரு செயலியில்தான் விளம்பரம் பார்த்தேன். 2016 மாடல் பல்சர் 150, ஒரே ஓனர், 48,500 ரூபாய். பெருந்துறை சிப்காட்டுக்கு தினமும் போய்வர எனக்கு ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். பையில் பிளக் ஸ்பேனர், பிளக்கின் இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ், பழைய பனியன் துணி எல்லாம் வைத்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் இரண்டு வருடம் லீவு நாட்களில் ஒரு பட்டறையில் கூடமாட நின்றவன் நான். அங்கே கற்றுக்கொண்டதில் எனக்கு ரொம்பப் பிடித்ததே பிளக் படிப்பதுதான். இன்ஜினைப் பிரிக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இதைவிடச் சுலபமான ஜன்னல் கிடையாது. நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு வெளிர் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கிறது, சூடும் அளவாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சுண்ணாம்பு போல வெளுத்துப் பொரிந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் கொதிக்கிறது. கருப்பாக ஈரமாக வழவழ என்று இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. அந்த வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட வேண்டும்.

இதை எல்லாம் அன்றைக்கு மச்சானுக்கு வாத்தியார் மாதிரி நின்று விளக்கினேன். கடைப் பையனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தால் அதுதான் எரிகிறது.

வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பத்தான் ஒருத்தர் ஓட்டிப் பாத்துட்டுப் போனாருங்கண்ணா" என்றான். நான் பிளக் பார்க்க வேண்டும் என்றதும் முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான். "தாராளமா கழட்டிப் பாருங்கண்ணா. உங்கள மாதிரி வெவரமானவங்க வந்தாத்தான் எங்களுக்கும் சந்தோசம்." அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். பிளக்கைக் கழற்ற விடுகிறவன் எப்படி ஏமாற்றுவான்?

கழற்றினேன். அடடா, என்ன நிறம்! டீயில் முக்கி எடுத்த பிஸ்கட் மாதிரி. சைடு எலக்ட்ரோடு, அதாவது பொறி தாவுகிற இடைவெளிக்கு மேல் வளைந்து நிற்கும் கம்பி, ஓரம் தேயாமல் இருந்தது. இடைவெளியில் கேஜை விட்டுப் பார்த்தேன், 0.8 மி.மீ. இந்த வண்டிக்கு 0.7 முதல் 0.8 வரை இருக்கலாம். மச்சானிடம் நீட்டி "பாத்துக்கோ மாப்ள, இப்படி இருக்கணும்" என்று காட்டினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த பல்சரில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். டிடிஎஸ்-ஐ என்று வண்டியில் எழுதியிருப்பதன் பொருளே அதுதான், இரட்டைப் பொறி. ஒன்று சுலபமாகக் கைக்கு எட்டும். இன்னொன்று மறுபக்கம் ஒரு குழாய்க்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். நான் அந்தப் பக்கம் குனிந்தேன். பையன் சொன்னான்: "அது கொழாய்க்குள்ள இருக்குதுங்கண்ணா, சூட்டுல கைய விட்டா வெந்துரும். ரெண்டும் ஒரே சிலிண்டர்ல தானுங்களே எரியுது?"

நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. ஒரே அறையில் எரியும் இரண்டு பிளக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அந்தப் பாடத்தையே எடுத்து என் வாயில் ஊட்டினான். நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன். 500 ரூபாய் கூடக் குறைக்காமல் 48,500 கொடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில் "வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்து எடுத்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரம் ஓடியது. இரண்டாவது வாரம் பிக்கப் சப்பையாக இருந்தது. மூன்றாவது கியரில் முறுக்கினால் ஒரு தயக்கம், நடுநடுவே மிஸ்ஸிங். நான் என்ன செய்தேன்? அதே சுலபமான பிளக்கையே மறுபடி கழற்றினேன். பிஸ்கட் நிறம் போய்க் கருத்திருந்தது. டவுன் ஓட்டம், டிராஃபிக்கில் நின்று நின்று போகிறோம், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துடைத்தேன், சைடு எலக்ட்ரோடை மெல்லத் தட்டி 0.7-க்குக் கொண்டுவந்தேன். இடைவெளி குறைந்தால் பலவீனமான பொறியும் தாண்டிவிடும். ஆனால் பொறி சின்னதாகிவிடும், அது வேறு கணக்கு. இரண்டு நாள் நன்றாக இழுத்தது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் பழையபடி ஆனது. பெட்ரோல் அதிகம் போகிறது போல என்று கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றுகிற ஸ்க்ரூவைத் திருகினேன். இன்னும் கொஞ்சம் சூடான ரக பிளக், அதாவது மூக்கு அதிகச் சூட்டில் இருக்கிற ரகம், போட்டால் கரி தானாக எரிந்துவிடுமே என்று கடைக்குப் போய் விசாரித்தேன் கூட. நல்ல வேளை, அந்தக் கடையில் அன்று சரக்கு இல்லை.

கரியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பெட்ரோல் கரி பொடியாக உதிரும். ஆயில் கரி பிசுபிசுக்கும். பட்டறையில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அதைக்கூடச் செய்யவில்லை.

700 கிலோமீட்டர் ஓடியிருப்பேன். இன்ஜினில் ஆயில் அளவைக் காட்டுகிற கண்ணாடியில் ஆயிலே தெரியவில்லை. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, அப்படியென்றால் ஆயில் உள்ளேயே எரிகிறது. அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. வண்டியை ஆற விட்டு, நீட்டு ஸ்பேனரைக் கடன் வாங்கி வந்து, அந்த இரண்டாவது பிளக்கைக் கழற்றினேன்.

வெளியே வந்தது பிளக்கே இல்லை, தார் உருண்டை. மூக்கு முழுக்க ஆயில் ஊறிக் கெட்டித்துப்போய், இடைவெளியே அடைத்துக்கொண்டு இருந்தது. எலக்ட்ரோடு தேய்ந்து மொட்டையாகி இருந்தது. கம்பெனியும் வேறு. கடையில் நான் கையில் வைத்துக் கொஞ்சிய பிளக் ஒரு கம்பெனி, இது இன்னொரு கம்பெனி. அதாவது, சுலபமாகக் கழற்ற முடிகிற பக்கத்துக்கு மட்டும் நன்றாக ஓடுகிற வேறு ஒரு வண்டியின் பிளக்கை எடுத்து மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் படித்தது அந்த வேறு வண்டியின் இன்ஜினை.

அன்றைக்கே கண்ணுக்கு எதிரே ஒரு தடயம் இருந்தது. சிலிண்டர் தலையைச் சுற்றி சேறு காய்ந்து அப்பியிருந்தது. பிளக்கின் ஆறுபட்டைத் தலையில் மட்டும் தூசி இல்லை. பார்த்தேன். ஏதோ துடைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் ஒரு நிமிடம் வண்டியை முறுக்கி, புகையைப் பார்த்துவிட்டு, "ரிங் போயிருச்சு தம்பி. போரும் தேஞ்சிருக்கும்" என்றார். பிஸ்டனைச் சுற்றி ஆயிலை மேலே ஏற விடாமல் தடுக்கிற வளையம்தான் ரிங், பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரின் உள்சுவர்தான் போர். எப்படி இத்தனை நாள் ஓடியது என்று கேட்டேன். இரட்டைப் பிளக் வண்டியில் அதுதான் வம்பு என்றார். ஆயிலும் கரியும் பீங்கான் மேல் படிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் அந்தக் கரி வழியாகவே பாடிக்கு ஓடிவிடும், பொறி வராது. ஒற்றைப் பிளக் வண்டி என்றால் அங்கேயே நின்றுவிடும். இதில் மற்றது எரித்துக்கொண்டே இருக்கும், வண்டி நொண்டிக்கொண்டாவது போகும். பிளக்கின் மூக்கு 450 டிகிரிக்கு மேல் சூடானால் படிகிற கரி தானே எரிந்து சுத்தமாகும். ஆனால் அது சாதாரணக் கரிக்குத்தான். ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தால் எந்த பிளக்கும் தாங்காது. சூடான ரகம் போடப் பார்த்தேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். நோயைத் தொடாமல் அறிகுறியை மட்டும் மறைப்பது அது, மேலே போய் மூக்கு 800 டிகிரி தாண்டினால் பொறி வருவதற்கு முன்னாடியே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனே ஓட்டையாகும் என்றார்.

பில்: பிளாக் பிஸ்டன் கிட் 5,800. ஹெட் வேலை, வால்வு சீல் 2,400. கேஸ்கட், டைமிங் செயின் 2,300. ஆயில் 600. பிளக் இரண்டு 600. கூலி 3,000. கூட்டிப் பாருங்கள், 14,700. என் சம்பளத்தில் பாதி.

பிரிப்பதற்கு முன்னால் கடைக்காரனை விட்டுவைத்தேனா? முதலில் போன் செய்தேன். "கொண்டு வாங்கண்ணா, பாத்துக்கலாம்" என்றான் அதே பையன். லீவு போட்டுவிட்டுக் கொண்டு போனேன். ஓனர் கோயமுத்தூர் போயிருக்கிறாராம். இரண்டாவது முறை போனபோது ஓனர் இருந்தார். இரண்டு பிளக்கையும் மேசை மேல் வைத்தேன். எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப வர்ற பெட்ரோல்ல எல்லாம் எத்தனால் கலக்கறாங்க தம்பி, எல்லா வண்டியும் இப்படித்தான்." எத்தனாலுக்கும் ஆயில் ஊறிய பிளக்குக்கும் என்னய்யா சம்பந்தம்? இப்போது எதற்கெடுத்தாலும் எத்தனால் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. இரண்டு கம்பெனி பிளக் எப்படி வந்தது என்றேன். "முன்னாடி ஓட்டுனவர் போட்டிருப்பாரு." கடைசியில், சுற்றி நின்ற நான்கு பேர் முன்னால் சொன்னார்: "நீங்களே ஸ்பேனர் போட்டுக் கழட்டிப் பாத்துத்தானே எடுத்தீங்க? நானா வேண்டாம்னேன்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மச்சான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான்.

செயலிக்காரர்கள் இன்னும் மோசம். புகார் போட்டேன். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பதில் வந்தது. வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே அவர்கள் வேலையாம், வண்டியின் தரத்துக்குப் பொறுப்பில்லையாம். மறுநாள் பார்த்தால் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருந்தது. யாருக்குத் தீர்ந்தது? எனக்கு 14,700 ரூபாய் தீர்ந்தது. கடைக்காரனின் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. அதே கடை அதே செயலியில் இன்றைக்கும் விளம்பரம் போட்டிருக்கிறது. அதில் இன்னொரு இரட்டைப் பிளக் வண்டி இருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வாங்கி இரண்டு வருடத்துக்குள் போடலாம் என்று ஒருவர் சொன்னார். போடப் போகிறேன். அந்த வெள்ளைத் தாள் கையெழுத்து குறுக்கே நிற்கும் என்றும் அவரே சொன்னார்.

சரி, விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். மணி ஏழாகிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வண்டி ரன்னிங்-இன்னில் (புது பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்ட வேண்டிய காலம்) இருப்பதால் இன்றைக்கு எடுக்கவில்லை. ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனை பிளக் இருக்கிறதோ அத்தனையையும் கழற்றிப் பாருங்கள், கை வெந்தாலும் பரவாயில்லை, இல்லை ஆறும்வரை டீ குடித்துக்கொண்டு உட்காருங்கள். வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள். குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பாருங்கள். பிளக்கின் நிறம் அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் உங்கள் கையால் புது பிளக் போட்டு பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, ஆளில்லாத ரோட்டில் நன்றாக முறுக்கி, அப்படியே இன்ஜினை அணைக்கிற கில் சுவிட்சை அமுக்கி கிளட்ச் பிடித்து ஓரம் கட்டிக் கழற்றிப் பாருங்கள். ஐடிலிங்கில் விட்டுவிட்டுப் பார்த்தால் நிறம் மாறிவிடும். திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே திருகுங்கள், அலுமினிய ஹெட், த்ரெட் (மரை) போனால் அது ஒரு தனிச் செலவு. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அந்த பிஸ்கட் நிற பிளக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, ஒரு பாலிதீன் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். ஆணையத்தில் காட்ட வேண்டும். ஈரோடு சுற்றுவட்டாரத்தில் யாராவது அந்தக் கடையில் நல்ல பல்சர் எடுத்து, சமீபத்தில் ஒரு பிளக் மட்டும் மாறியிருக்கிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். உங்களுடையது என்னிடம்தான் இருக்கிறது.