கஸ்டம் கியூ: கொடுத்த காசு எங்கே போகிறது?

பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ. என் கஸ்டம் கியூவின் ஷாஃப்ட், அதாவது மெல்லிய முன்பாதி, வளைந்து ரிப்பேருக்கு அலைந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. இந்த நேரத்தில், என்னோடு ஆடும் நண்பர், பூல் கியூ ஒன்று கஸ்டமாகச் செய்யக் கொடுக்கலாமா, விலைக்குத் தகுமா என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

விலையைக் கேட்டதுமே கொள்ளை என்கிறார்கள். அது நியாயமில்லை. ஷாஃப்ட்டுக்கான ஹார்ட் மேப்பிள் கட்டையை ஒரே மூச்சில் 13 மில்லிமீட்டருக்குக் கடைந்துவிட முடியாது. கொஞ்சம் கடைந்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மரம் வளைகிறதா என்று பார்த்து, மறுபடியும் கொஞ்சம் கடைவார்கள். வளைந்தது கழிவு. அந்தக் கழிவும் காத்திருப்பும் சேர்ந்ததுதான் விலை. பட் எனும் தடித்த பின்பாதியில் உள்ள பாயின்ட்டுகளும், அதாவது வேறு மரத்தில் பதிக்கும் கூர்முனை வடிவங்களும், அப்படித்தான். நாலும் ஒரே உயரத்தில் ஊசிமுனையாக முடிய வேண்டும், ஒன்று துளி ஏறினாலும் கண்ணை உறுத்தும். என் கியூவில் கருங்காலி மேப்பிளுக்குள் ஏறும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தால் இணைப்பே தட்டுப்படாது. எடையும் பேலன்ஸும் என் கைக்கென்றே அமைந்தவை. மெதுவாகத் தட்டும் ஷாட்டில் பந்து டிப்பை, அதாவது நுனியில் ஒட்டிய தோல் துண்டை, தொடுவது உள்ளங்கை வரை தெரியும்.

ஆனால் பில்லில் பெரும்பகுதி இன்லே எனும் பதிப்பு வேலை, வெனீர் எனும் மெல்லிய மரத் தகடு, வெள்ளி வளையம் என்று அழகுக்கே போனது. பந்தின் போக்கை முடிவு செய்வது டிப்பும் ஷாஃப்ட்டின் நுனிப் பகுதியும். நுனி எடை குறைந்த லோ டிஃப்லெக்‌ஷன் ஷாஃப்ட்டில் பக்கவாட்டில் அடித்து சைடு ஸ்பின் கொடுத்தால், கியூ பால் எனும் வெள்ளைப் பந்து குறி வைத்த கோட்டிலிருந்து விலகுவது குறையும். அதை ஃபேக்டரி கியூவிலேயே மாட்டிக்கொள்ளலாம். கஸ்டம் கியூ என்றதும் எல்லோரும் சொல்லும் கியூ கைவினைஞர் ஜார்ஜ் பாலபுஷ்காவே தொடக்கத்தில் பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் கியூக்களின் பட் பகுதியை எடுத்துத்தான் வேலை செய்தார். அவர் 1975-இல் மறைந்துவிட்டார். இன்று அவர் கியூவுக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கும் பணம் கைவேலைக்கும் பெயருக்கும்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என்னால் பொறுக்க முடியாதது ஜாயின்ட், அதாவது ஷாஃப்ட்டையும் பட்டையும் பின் எனும் திருகாணியால் சேர்க்கும் இடம். பரவலாகப் புழங்கும் 3/8-10 பின், அதாவது அங்குலத்துக்கு 10 மரை உள்ள 3/8 அங்குல பின் என்றால், ரெடிமேட் ஷாஃப்ட் எளிதில் கிடைக்கும். என்னுடையதைச் செய்தவர் வைத்திருப்பது அவருக்கே உரிய மரை. ஷாஃப்ட் வளைந்தபோது வேறு எதுவும் பொருந்தவில்லை. அவரிடமே போனால் பெரிய வெயிட்டிங் லிஸ்ட், ஏறிப்போன விலை, ஜாயின்ட் வளையத்தின் டிசைனைப் பொருத்துவதற்குத் தனிக் காசு. வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை திறமையுள்ள கைவினைஞர் வாடிக்கையாளரை இப்படிக் கட்டிப்போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

இந்தக் கியூவை யார் என்ன விலைக்குக் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே நல்ல ஃபேக்டரி பட்டும் லோ டிஃப்லெக்‌ஷன் ஷாஃப்ட்டும் வாங்கலாம், மிச்சத்தை டேபிள் நேரத்துக்குக் கொடுக்கலாம். இல்லை, ஆர்டர் கொடுத்தே தீருவேன் என்றால் அட்வான்ஸ் நீட்டும் முன் ஜாயின்ட் பின் என்ன அளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இன்லேயில் ஒன்றைக் குறைத்தாவது இரண்டாவது ஷாஃப்ட்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.