யார் கையிலிருந்து படம் கசிந்தது? மறைவான வாட்டர்மார்க்கோடு சில வருடங்கள்

செங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வேலை போக மீதி நேரத்தில் இந்தத் தமிழக-கேரள எல்லைப் பக்கத்துக் காட்சிகளை எடுப்பேன்: சாரல் நேரத்துக் குற்றாலம், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, ஆரியங்காவு தாண்டிக் கழுத்துருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம். 2018-ல் அகலப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பாலத்துப் படங்களை இரண்டு மாநிலத்திலும் கேட்டு வாங்குகிறார்கள். கேட்காமல் எடுத்துப் போடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

மூலையில் ஸ்டூடியோ பெயர் போடுவது பெரிதாக உதவவில்லை, வெட்டிவிடுகிறார்கள். நடுவில் பெரிதாகப் போட்டால் படமே கெடுகிறது. 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: பல படங்களில் ஒரே முத்திரை இருந்தால், கணினி அந்தப் படங்களை ஒப்பிட்டு முத்திரையைத் தனியே பிரித்து நீக்கிவிடும். இடத்தை மாற்றி மாற்றி வைப்பது போதாது, படத்துக்குப் படம் முத்திரையின் வடிவத்தையே லேசாக நெளிக்க வேண்டும். நான் இப்போது அப்படித்தான் போடுகிறேன்.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்தான், அதாவது படத்துக்குள்ளேயே ஒளித்து வைக்கும் அடையாள முத்திரை. பைத்தான் என்ற கணினி மொழியில் இயங்கும் 'இன்விசிபிள் வாட்டர்மார்க்' என்ற இலவச நிரலைப் பயன்படுத்துகிறேன். செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் தன் படங்களில் அடையாளம் பதிக்க இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பிக்சலின் கடைசி பிட்டில் தகவலை ஒளிக்கும் பழைய முறை, ஜேபெக்காகச் சேமித்த உடனேயே அழிந்துவிடும். இதுவோ படத்தின் அலைவரிசைகளுக்குள் தகவலைப் பரப்பி வைக்கிறது, அதனால் ஓரளவு சுருக்கத்தைத் தாங்குகிறது. மேகமில்லாத வானம் போன்ற வழுவழுப்பான இடத்தில் மட்டும் உற்றுப் பார்த்தால் லேசாகப் புள்ளி தட்டும்.

அளவு மாறினால் இது படுத்துவிடும். வாட்ஸ்அப் பெரிய படத்தைத் தானே சிறிதாக்கி அனுப்புகிறது, எடுத்தவர் பெயர் இருக்கும் எக்சிஃப் தகவலையும் உதறிவிடுகிறது. அதனால் நீளப் பக்கம் 1600 பிக்சலுக்கு முதலில் நானே குறைத்து, அதற்குப் பிறகு முத்திரை பதிப்பேன். அப்படி அனுப்பியவை பெரும்பாலும் சரியாகப் படிக்கின்றன.

எல்லாருக்கும் ஒரே முத்திரை போடாதீர்கள். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண். 32 பிட் இடமே இதற்குத் தாராளம். எந்த எண் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கும் விடுதி என் பாலத்துப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டிருந்தது. "கூகுள்ல கிடந்துச்சு அண்ணாச்சி, எங்க டிசைனர் எடுத்துப் போட்டுட்டாரு" என்றார் மேலாளர். முத்திரையைப் படித்தேன். பஸ் பயணம் நடத்தும் ஒருவருக்கு மாதிரி பார்க்க அனுப்பிய பிரதி அது. அவரிடம் கேட்டதும் தான்தான் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். படம் என்னுடையது என்று விடுதிக்காரர்களை நம்ப வைத்தது கேமரா பதிந்த அசல் கோப்பான ரா ஃபைலும், ரயில் பாலத்தில் ஏறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அடுத்தடுத்த ஃபிரேம்களும். உரிய தொகையைக் கொடுத்துவிட்டார்கள்.

குறைகள் நிறைய உண்டு. படத்தை வெட்டினாலோ சற்றுத் திருப்பினாலோ எண் கிடைக்காது. மூலப் படம் நம்மிடம் இருப்பதால், வெட்டிய துண்டை அதன் பழைய இடத்தில் சரியாகப் பொருத்திப் படித்தால் சில சமயம் மீள்கிறது. ஃபிளெக்ஸில் அச்சடித்ததைப் போனில் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இரண்டு மூன்று ஆப்களில் ஃபில்டர் போட்டுச் சுற்றி வந்த படங்களிலும் அப்படித்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது பல ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தைப் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவு, உரிமைத் தகவலைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவதைக் குற்றமாக்குகிறது, இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. கல்யாண வேலைக்குக் கூலி பேசி எடுத்த படங்கள் வேறு கணக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவற்றின் உரிமை பணம் கொடுத்த வீட்டாருக்கே போகிறது. ஆகவே அந்த ஆல்பங்களில் நான் இந்த எண்ணைப் பதிப்பதில்லை.