‘மெரைன்’ என்ற அச்சை நம்பிப் படகுச் சாமான் வாங்காதீர்கள்

ஃபைபர் படகு ஒன்று இறக்கி இரண்டு வருடம்கூட ஆகாமல் பட்டறைக்கு வருகிறது. என்ஜின் மாட்டும் பின்பலகையைத் தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற மாதிரி சத்தம். போல்ட் துளையில் பழுப்பு நீர் கசிகிறது. ஃபைபர் தோலை அறுத்துத் திறந்தால், உள்ளிருக்கும் பிளைவுட் கையால் உரிக்கிற மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கிறது. வாங்கும்போது அதன் மேல் ‘மெரைன் 710’ என்று அச்சு இருந்தது. அதற்காகவே கூடுதல் விலையும் கொடுத்திருக்கிறார்கள். பில்லிலோ ‘பிளைவுட் 19 எம்எம், 2 ஷீட்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

கடலுக்கென்று விற்கிற சாமானுக்குக் கூடுதல் விலை தரலாமா என்றால், சில இடங்களில் கட்டாயம் தர வேண்டும். ஆனால் அந்தப் பணம் எண்ணுக்கும் தரக்குறிக்கும் போக வேண்டும், ‘மெரைன்’ என்ற சொல்லுக்குப் போகக்கூடாது. அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

பிளைவுட்டில் பார்க்க வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரை. அதன் மேலே ‘ஐஎஸ் 710’ என்றும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். ஐஎஸ் 303 என்பது வீட்டு உபயோகப் பலகை. அதைத்தான் ‘வாட்டர்ப்ரூஃப், மெரைன் மாதிரியே’ என்று தள்ளிவிடுகிறார்கள். 710 பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு நேரம் நம்மால் வேகவைக்க முடியாவிட்டாலும், ஒரு ஜாண் துண்டை எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டு ஏடுகளுக்கு நடுவே கத்தி முனையைக் கொடுத்துப் பாருங்கள். பிரிந்தால் அந்தப் பலகை கடலுக்கு ஆகாது. பசைக்கோடு கறுப்பாக இருந்தால் நல்லது என்பார்கள். கொதிநீரைத் தாங்கும் பினாலிக் பசை கருஞ்சிவப்புதான், ஆனால் மட்டப் பசையிலும் சாயம் கலக்கலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அறுத்த விளிம்பில் சந்து தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள், தண்ணீர் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடும்.

இதையும் சொல்லியாக வேண்டும்: அசல் 710 பலகையும் போல்ட் துளையை அடைக்காமல் விட்டால் மக்கிப்போகும். 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 18 மி.மீ. துளை போட்டு, பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சிப் பசையை நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 12.5 மி.மீ. துளையிட வேண்டும். அப்போது தண்ணீர் மரத்தைத் தொடாது. பட்டறையில் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் போல்ட். இதில் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு, உப்பை நன்றாகத் தாங்குவது 316. ‘காந்தம் ஒட்டவில்லை, அதனால் 316’ என்று கடையில் காட்டுவார்கள். நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அது உப்புக்காற்றில் சில மாதங்களிலேயே துருப்பிடிக்கும். 316 உப்பைத் தாங்குவது அதில் இருக்கும் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினத்தால். 304இல் அது கிடையாது. போல்ட் தலையில் ஏ2 என்றிருந்தால் 304, ஏ4 என்றிருந்தால் 316. குறியே இல்லாத போல்ட்டுக்கு 316 விலை கொடுக்காதீர்கள். நிறைய வாங்குவதாக இருந்தால், உலோகம் பரிசோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருப்பவரிடம் ஒன்றைக் காட்டிவிட்டு வாங்குங்கள். ஆனால் மேல்தளக் கைப்பிடிக்கு 304 போதும், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவினால் சரி. எப்போதும் நீருக்கடியில், காற்று படாத இடுக்கில் இருக்கும் போல்ட்டை 316கூட முழுதாகக் காப்பாற்றாது. அந்த இடத்தில் வெண்கலம்தான் சரி.

வெண்கலத்திலும் ஒரு புரட்டு உண்டு. ‘மாங்கனீஸ் வெண்கலம்’ என்று விற்பது பெயரில்தான் வெண்கலம். அதில் துத்தநாகம் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது பித்தளை. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தைத் தின்றுவிடும், மிச்சம் நிற்பது கடற்பஞ்சு மாதிரித் துளைத்த செம்பு. படகின் அடியில் தண்ணீர் எடுக்கும் வால்வு அப்படி உடைந்தால் படகு மூழ்கும். பழைய வால்வைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது கன்மெட்டல் (செம்போடு வெள்ளீயம் கலந்த அசல் வெண்கலம்) என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

வயரில் ஏமாறுவது சுலபம், கண்டுபிடிப்பதும் சுலபம். கடலுக்கான வயர் வெள்ளீயம் பூசிய செம்பு: வெளியே வெள்ளி நிறம், பிளேடால் சுரண்டினால் உள்ளே சிவப்பு. செம்பு முலாம் பூசிய அலுமினியம் நேர்மாறு: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, சுருளைத் தூக்கினாலே எடை குறைவாக இருக்கும். வீட்டு வயர் அசல் செம்பாகவே இருந்தாலும், வெட்டிய முனை வழியே ஈரம் ஏறிக் களிம்பு பிடித்து உறைக்குள் நெடுந்தூரம் கறுத்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடாத அன்றைக்குத்தான் தெரியும்.

‘மெரைன்’ சோப்பு, ‘மெரைன்’ கிரீஸ் டப்பா, கேபினுக்குள் போடும் கொக்கி, கீல் இவற்றுக்கெல்லாம் கூடுதல் விலை வேண்டாம். கிரீஸ் தண்ணீரில் கரையாத ரகமா என்று பார்த்தால் போதும்.

பில்லில் தர எண், பிராண்ட், சிஎம்/எல் எண், தடிமன் நான்கும் இல்லாமல் பலகைக்குப் பணம் கொடுக்காதீர்கள். முத்திரை தெரியும்படி போட்டோ எடுத்து, அறுத்த துண்டு ஒன்றைத் தேதி எழுதி வீட்டில் வையுங்கள். கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசும்போது அந்த பில்லும் துண்டும் கையில் இருக்கட்டும்.