புதுச்சேரியில் இரண்டு நாள் கடல் சட்ட வகுப்பு: போய் வந்த அனுபவம்

கடலூர் முதுநகர் விசைப்படகு உரிமையாளர்களுக்காக வழக்காடும் எனக்கு, புதுச்சேரியில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் சனி, ஞாயிறுகளில் நடத்திய கடல் சட்ட வகுப்பு, கொடுத்த 1,500 ரூபாய்க்குப் பெரும்பாலும் தகுந்ததாகவே இருந்தது.

முதல் நாள் காலையிலேயே காரைக்காலிலிருந்து வந்திருந்த படகு உரிமையாளர் ஒருவர், "இலங்கைக்காரன் புடிச்சிட்டுப் போற போட்டுக்கு நாம ஏன் சார் சர்வதேச கோர்ட்டுக்குப் போகக் கூடாது?" என்று கேட்டார். ஆசிரியரின் திறமை அப்போதுதான் தெரிந்தது. தி ஹேக் நகரிலுள்ள நீதிமன்றம் நாடுகளின் சம்மதமின்றி எந்த வழக்கையும் எடுக்க இயலாது என்பதையும், அதன் அதிகாரத்தை ஏற்று இந்தியா 2019இல் அளித்த அறிவிப்பு காமன்வெல்த் நாடுகளுடனான பிணக்குகளை விலக்கியிருப்பதால் இலங்கையுடனான வழக்குக்கு அந்த வழி அடைபட்டிருப்பதையும் அவர் பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டினார். ஹாம்பர்க்கிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்தில் ஒரு சிறு கதவு உண்டு. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 292ஆம் பிரிவின்படி, தனிப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒரு நாட்டுக்கு மீன்வள உரிமையுள்ள பகுதி) பிடிபட்ட படகைப் பிணைத்தொகையின் பேரில் விரைந்து விடுவிக்கக் கோரலாம். ஆனால் மனு கொடி நாட்டின், அதாவது படகு பதிவான நாட்டின், பெயரிலேயே போக வேண்டும். பிடித்த இடம் 12 கடல் மைலுக்குட்பட்ட எல்லைக் கடலாக இருந்தால் அதுவும் கைகொடுப்பது அரிது. காரைக்காலார் நோட்டை மூடிவிட்டு, "அப்ப டெல்லிக்குத்தான் மனு போடணும்" என்றார்.

இந்தியா, வங்கதேசம் இடையிலான கடல் எல்லை வழக்கையும் ஆசிரியர் தெளிவாகவே விளக்கினார். 2014இல் நடுவர் மன்றம் பிணக்கிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்கு அளித்தது.

குறை, கேரளக் கரைக்கு அப்பால் 2012இல் இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இரு மீனவர்கள் இறந்த வழக்கைக் கடைசி அரை மணி நேரத்தில் அடைத்ததுதான். சுட்ட இத்தாலியக் கடற்படையினருக்கு இந்திய நீதிமன்றங்களின் குற்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்று 2020இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்ததைச் சொன்னவர், இப்படிப்பட்ட அரசு அலுவலர்களின் விலக்குரிமை பற்றி வாய் திறக்காத அந்த 1982 உடன்படிக்கையின் கீழ் அதை முடிவு செய்யும் அதிகாரம் அம்மன்றத்துக்கு எப்படி வந்தது என்பதைத் தொடவேயில்லை. வழக்கறிஞருக்கு வேண்டியது அதுதான்.

கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளிருந்த ஜெராக்ஸ் வரைபடத்தில் கடல் எல்லைக் கோடு எது, தாள் மடிப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லை. நிர்வாகியிடம் சொன்னேன், அடுத்த முறை தமிழில் தருவதாகச் சொன்னார். சேரவிருக்கும் படகு உரிமையாளர்கள் அதைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது.